அறிக்கையில் உள்ள கையெழுத்து யாருடையது? – ஆய்வுகூடப் பணியாளர்களுக்கான உரிமமும் வடக்கின் நோயாளர்களும்

2024 நவம்பர் இறுதியில் பெங்கல் புயலோடு வந்த வெள்ளம் வடிந்த சில நாட்களில், வடமராட்சியில் ஒரு காய்ச்சல் பரவத் தொடங்கியது. கரவெட்டி, பருத்தித்துறைப் பக்கங்களிலிருந்து நோயாளர்கள் வைத்தியசாலைகளுக்கு வந்தார்கள். சிலர் மூச்சுத்திணறி, ஓரிரு நாட்களுக்குள் உயிரிழந்தார்கள். ‘மர்மக் காய்ச்சல்’ என்று செய்திகள் வந்தன. இரத்த மாதிரிகளின் ஆய்வுகூட முடிவுகள் வந்த பின்னர்தான் அது எலிக்காய்ச்சல் என்பது உறுதியானது. அதன் பிறகே யாருக்கு எந்த மாத்திரையை முற்கூட்டியே கொடுப்பது, யார் வயலில் இறங்கக்கூடாது என்ற தெளிவு வந்தது.

அந்த நாட்களில் நாம் வைத்தியர்களையும் தாதியரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களையும் பற்றி நிறையப் பேசினோம். மாதிரியைப் பரிசோதித்தவர்களைப் பற்றி எவரும் பேசவில்லை. அவர்களை நாம் பார்ப்பதே இல்லை. சிறிய யன்னலொன்றின் ஊடாகப் போத்தலைக் கொடுக்கிறோம். மாலையில் அதே யன்னலால் ஒரு கடதாசி வருகிறது. கடதாசியின் அடியில் ஒரு கையெழுத்து இருக்கிறது. அது யாருடையது, அவருக்கு இந்த வேலையைச் செய்ய யார் அனுமதி கொடுத்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இயந்திரம்தானே பார்க்கிறது?

இப்போது எல்லாவற்றையும் இயந்திரம் செய்கிறது, பொத்தானை அமர்த்தத் தெரிந்தால் போதும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. ஆய்வுகூட உரிமையாளர்கள் சிலரிடமும் உண்டு. அது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு நமக்குப் பழக்கமான மூன்று பரிசோதனைகளையே பார்க்கலாம்.

டெங்குக் காலத்தில் குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கையை ஊரே கதைக்கும். சிலருடைய இரத்தத்தில், குழாயில் இருக்கும் உறைதல் தடுப்பு மருந்தினாலேயே சிறுதட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இயந்திரத்துக்குக் கட்டியை எண்ணத் தெரியாது. உண்மையில் ஒன்றரை இலட்சம் இருப்பவருக்கு முப்பதாயிரம் என்று அச்சடித்துக் கொடுக்கும். பயிற்சி பெற்றவர் அந்த எண்ணைக் கண்டதும் நிற்பார். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். வேறு குழாயில் இரத்தம் எடுத்துத் திரும்பச் செய்யச் சொல்வார். பயிற்சி இல்லாதவர் அச்சடித்து வந்ததை உறையில் போட்டுக் கொடுப்பார்.

அடுத்தது பொற்றாசியம். ஊசி ஏற்றும்போது இழுபட்டு, அல்லது கொண்டுவரும் வழியில் குலுங்கி செங்குழியங்கள் உடைந்தால், உள்ளே இருந்த பொற்றாசியம் வெளியே கசிந்து முடிவு தவறாக உயர்ந்துவிடும். வவுனியா மாவட்டத்தின் சிறுநீரக நோயாளர்களுக்கு இது விளையாட்டான எண் அல்ல. பொற்றாசியம் கூடினால் இதயம் நின்றுவிடலாம் என்பதால் வைத்தியர் உடனே சிகிச்சை தொடங்குவார். இல்லாத நோய்க்குச் சிகிச்சை நடக்கும். இதைவிடக் கொடுமை, உண்மையில் கூடியிருந்த முடிவை “மாதிரி பழுதாக்கும்” என்று ஒதுக்கிவிடுவது.

மூன்றாவது நீரிழிவு. இரத்தம் எடுத்த பின்னரும் குழாயில் இருக்கும் குழியங்கள் சீனியை உண்டுகொண்டே இருக்கும். தகுந்த குழாயில் எடுக்காமலும், குழியங்களைப் பிரிக்காமலும் வைத்திருந்தால் மணித்தியாலத்துக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை சீனியின் அளவு குறைந்துகொண்டு போகும். வன்னியில் காலையில் எடுத்த இரத்தம் பஸ்ஸில் ஏறி நகரத்து ஆய்வுகூடத்தை அடைய நண்பகலாகிறது. “சீனி நல்லாக் குறைஞ்சிருக்கு” என்று நோயாளி மகிழ்ந்து மருந்தைக் குறைக்கிறார். குறைந்தது அவருடைய சீனியல்ல, குழாயில் இருந்த சீனி.

இந்த மூன்று இடங்களிலும் இயந்திரம் பழுதில்லை. எண்ணைச் சந்தேகிக்கத் தெரிந்த மனிதர் தேவைப்பட்டார். அந்த மனிதர் அங்கே இருக்கிறாரா என்பதை உறுதிசெய்வதுதான் தொழில் உரிமத்தின் வேலை.

கட்டடத்துக்குப் பதிவு, விலைக்கு வர்த்தமானி

இலங்கையில் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 1927 ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை மருத்துவ சபை, வைத்தியர்களோடு மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்களுக்கும் ஒரு பதிவேட்டைப் பேணுகிறது. அரச பயிற்சிப் பாடசாலையின் டிப்ளோமா அல்லது பல்கலைக்கழகப் பட்டம் அந்தப் பதிவேட்டுக்கான வாசல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்தில் பட்டப்படிப்பு உண்டு. அரச வைத்தியசாலைகளில் நிரந்தர நியமனம் பெறுபவர்கள் இந்த வழியாகவே வருகிறார்கள்.

தனியார் துறைக்கு வேறொரு சட்டம் இருக்கிறது. 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம் தனியார் வைத்தியசாலை, சிகிச்சை நிலையம், ஆய்வுகூடம் எல்லாம் ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது. விண்ணப்பம் மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஊடாகச் செல்கிறது. இதற்கு மேலே, இலங்கை தராதர அங்கீகாரச் சபை ஐ.எஸ்.ஓ. 15189 என்ற சர்வதேச நியமத்தின்படி ஆய்வுகூடங்களுக்கு அங்கீகாரம் வழங்குகிறது. அது விரும்பியவர்கள் பெற்றுக்கொள்வது.

இந்த ஏற்பாட்டில் ஒரு இடைவெளி இருக்கிறது. ஒரு பதிவேட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். இன்னொரு பதிவேட்டில் கட்டடங்கள் இருக்கின்றன. இன்று, இந்தக் கட்டடத்தில், இந்த இரத்தத்தை, இந்த ஆள்தான் பரிசோதித்தார் என்பதை இரண்டு பதிவேடுகளும் சேர்ந்து நோயாளிக்குச் சொல்வதில்லை. பதிவு விண்ணப்பத்தில் தகுதியுள்ள ஒருவரின் பெயர் இருக்கலாம். பிற்பகல் மூன்று மணிக்கு நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருப்பவர் வேறொருவராக இருக்கலாம். மருத்துவ சபைப் பதிவுக்கு இட்டுச்செல்லாத குறுகியகாலப் பாடநெறிகளை முடித்த இளைஞர், யுவதிகள் குறைந்த சம்பளத்துக்கு அமர்த்தப்படுகிறார்கள் என்பது ஆய்வுகூடத் தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகளாக எழுப்பிவரும் குற்றச்சாட்டு. அந்தப் பிள்ளைகளை இங்கே குறை சொல்வதற்கில்லை. “வேலை நிச்சயம்” என்ற விளம்பரத்தை நம்பிப் பெற்றோர் நகையை அடகுவைத்துக் கட்டிய பாடநெறி அது.

அரசாங்கம் தலையிட்ட இடங்களைப் பார்த்தால் அதன் கவனம் எங்கே இருந்தது என்பது தெரியும். கொவிட் காலத்தில், 2021 ஓகஸ்ட் மாதம், தனியார் நிலையங்களில் பி.சி.ஆர். பரிசோதனைக்கு 6,500 ரூபா, துரித அன்டிஜன் பரிசோதனைக்கு 2,000 ரூபா என்று உச்ச விலை வர்த்தமானியில் வந்தது. டெங்குப் பரிசோதனைகளுக்கும் அப்படி விலைக் கட்டுப்பாடு வந்தது. அவை தேவையானவைதான். ஆனால் பிழையான முடிவை மலிவாகப் பெறுவதால் நோயாளிக்கு என்ன பயன்? விலையை யாரும் பற்றுச்சீட்டைப் பார்த்துச் சரிபார்க்கலாம். தகுதியைச் சரிபார்க்க நோயாளியின் கையில் எதுவும் இல்லை.

அமெரிக்கா விலைகொடுத்துக் கற்றது

இதே கேள்வியோடு நாற்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டும் நாடு அமெரிக்கா. அங்கே நடந்தவற்றில் நமக்குப் பாடமும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு.

1987 இல் ‘வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல்’ பத்திரிகையில் வோல்ட் பொக்டானிச் என்ற ஊடகவியலாளர், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் கண்டறியும் ‘பாப்’ பரிசோதனை நடக்கும் விதத்தை வெளிக்கொண்டுவந்தார். நமது பெண்களும் சுகவனிதையர் கிளினிக்குகள் மூலம் அறிந்த அதே பரிசோதனைதான். சில ஆய்வுகூடங்களில் பணியாளர்களுக்குத் தகட்டின் எண்ணிக்கைக்கே கூலி. அதனால் அளவுக்கு மீறிய தகடுகளைக் கண் ஓட்டித் தள்ளினார்கள். புற்றுநோய்க் கலங்கள் தவறவிடப்பட்டன. “உங்களுக்கு ஒன்றுமில்லை” என்ற அறிக்கையோடு வீடு சென்ற பெண்கள் இறந்தார்கள். மறு ஆண்டு அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே 1988 இல் அமெரிக்க காங்கிரஸ் ‘கிளியா’ என்ற ஆய்வுகூட மேம்பாட்டுச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. ஒருவர் 24 மணித்தியாலங்களில் 100 தகடுகளுக்கு மேல் பார்க்கக்கூடாது என்ற வரம்பு அதன் கீழ் வந்தது.

ஆனால் கிளியாவும் ஆய்வுகூடத்துக்கே சான்றிதழ் வழங்குகிறது. பணியாளர்களுக்கு அது வைத்திருப்பது குறைந்தபட்சத் தகுதி மட்டுமே. நடுத்தரச் சிக்கலுள்ள பரிசோதனைகளை உயர்தரப் பாடசாலைக் கல்வியும் வேலைத்தளப் பயிற்சியும் பெற்ற ஒருவர் செய்யலாம். தனிநபருக்கான உரிமம் வேண்டுமா என்பதை அது மாநிலங்களிடம் விட்டுவிட்டது. சுமார் பத்து மாநிலங்கள்தான் அதைக் கட்டாயமாக்கின. கலிபோர்னியாவில் பட்டம், அங்கீகரிக்கப்பட்ட ஒரு வருடப் பயிற்சி, பரீட்சை ஆகிய மூன்றும் வேண்டும். உரிமத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். நியூயோர்க்கில் உரிமச் சட்டம் 2006 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஏனைய பெரும்பாலான மாநிலங்களில் தொழில்சார் அமைப்புகளின் சான்றிதழை வேலை கொடுப்பவர் கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை.

உரிமத்தை எதிர்ப்பவர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். கட்டுப்பாடு கூடினால் ஆட்கள் குறைவார்கள், தூரக் கிராமங்களில் ஆய்வுகூடங்கள் மூடப்படும், ஒரு மாநிலத்தில் வேலை செய்தவர் அடுத்த மாநிலத்தில் மீண்டும் பரீட்சை எழுத வேண்டிவரும் என்கிறார்கள். அது வெறும் சாட்டு அல்ல. முல்லைத்தீவில், மன்னாரில் வாழ்பவர்களுக்கு அந்தப் பயம் நன்றாகப் புரியும்.

உரிமம் இருந்தாலே போதும் என்றும் சொல்ல முடியாது. விரல் நுனி இரத்தத் துளியில் பல பரிசோதனைகளைச் செய்வதாகப் பெயர் பெற்ற ‘தெரனோஸ்’ நிறுவனத்தின் ஆய்வுகூடம், கடுமையான சட்டமுள்ள அதே கலிபோர்னியாவில்தான் இருந்தது. நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸின் வழக்கில் ஒரு தோல் மருத்துவர் சாட்சியம் அளித்தார். பல மாதங்கள் ஆய்வுகூடப் பணிப்பாளராகப் பதவி வகித்த அவர் அந்த ஆய்வுகூடத்துக்குச் சென்றது இரண்டு தடவைதான். சட்டத்தின்படி அவருக்குத் தகுதி இருந்தது. கையெழுத்தும் இருந்தது. ஆள்தான் இருக்கவில்லை.

ஆனால் அதே கதையில் வேறு இருவரும் இருந்தார்கள். முன்னைய பணிப்பாளர் அடம் ரோசன்டோர்ப் முடிவுகள் நம்பத்தகாதவை என்று நிர்வாகத்துக்கு எழுதி, 2014 இல் வேலையை விட்டு விலகினார். ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஓர் இளம் பட்டதாரிப் பெண் 2015 இல் சமஷ்டி அரசின் கண்காணிப்பு அமைப்புக்குக் கடிதம் எழுதினார். 2016 ஜனவரியில் அந்த ஆய்வுகூடம் நோயாளர்களுக்கு உடனடி ஆபத்து என்று அறிவிக்கப்பட்டது.

இங்கேதான் உரிமத்தின் உண்மையான பெறுமதி தெரிகிறது. தொழில் உரிமம் உள்ளவருக்கு முதலாளியைத் தவிர இன்னொருவருக்கும் பதில் சொல்லும் கடமை இருக்கிறது. பிழையான முடிவில் கையெழுத்திட்டால் உரிமம் போகும் என்பதால், “இந்த மாதிரி பழுது, நான் முடிவு கொடுக்க மாட்டேன்” என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் பலமும் கிடைக்கிறது. உரிமம் இல்லாத பிள்ளைக்கு அது இல்லை. முதலாளி ‘கொடு’ என்றால் கொடுக்க வேண்டும்.

‘பதிவு’ என்ற சொல்

பதிவு என்ற சொல் நமது மக்களுக்கு உவப்பான சொல் அல்ல. கொழும்பில் லொட்ஜ் வாசலில் பொலிஸ் பதிவு, போர் முடிந்த பின்னர் வீடு வீடாக இராணுவப் பதிவு என்று அதன் எல்லா முகங்களையும் கண்டவர்கள் நாம். கொழும்பில் இருக்கும் ஒரு சபை, ஆங்கிலப் படிவம், நீண்ட காத்திருப்பு என்றதும் இதுவும் இன்னொரு பூட்டு என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இந்தப் பதிவு நம்மைக் கண்காணிப்பதற்கானது அல்ல. நமது உடலைப் பற்றித் தீர்ப்பு எழுதுபவரை நாம் கண்காணிப்பதற்கானது. பிரித்தானியாவில் வாழும் நமது உறவுகள் இதை அறிவார்கள். அங்கே உயிர்மருத்துவ விஞ்ஞானி என்ற பட்டப்பெயர் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. பதிவில்லாதவர் அதைப் பயன்படுத்துவது குற்றம். பதிவேட்டை எவரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். இங்கே அத்தகைய ஒரு தேடல் தமிழிலும் இருக்குமானால், பதிவு என்பது மக்களின் கையில் இருக்கும் கருவியாக மாறும்.

போர் பறித்த சான்றிதழ்கள்

ஆய்வுகூடம் இல்லாத மருத்துவம் என்ன என்பதை வன்னி மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2009 இல் வைத்தியர்கள் காயப்பட்டவரின் இரத்தத்தையே துணியால் வடித்து அவருக்குத் திரும்ப ஏற்றினார்கள் என்பதை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 அறிக்கையில் பதிவு செய்திருக்கிறது. இரத்த வங்கியும் பொருத்தப் பரிசோதனையும் இல்லாத இடத்தில் எஞ்சியிருந்த ஒரே வழி அது.

அந்தக் காலத்தில் வன்னியிலும் குடாநாட்டிலும் மருந்தும் மின்சாரமும் இல்லாமல் வைத்தியசாலைகளைத் தூக்கி நிறுத்தியவர்களில் பெரும் பங்கினர் தொண்டர்கள். மலேரியாவுக்கு இரத்தப் பூச்சு பார்த்தவர்கள், இரத்த வகை பார்த்தவர்கள், வைத்தியர் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்துக் கையால் கற்றவர்கள். பலர் இடம்பெயர்வில் பாடசாலைச் சான்றிதழ்களையும் இழந்தார்கள். போருக்குப் பின்னர் வடக்கின் சுகாதாரத் தொண்டர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் அமர்ந்ததை நாம் பார்த்தோம். உரிமச் சட்டத்தை நாளை முதல் இறுக்கினால், முதலில் வெளியே தள்ளப்படுபவர்கள் இவர்களும், குறுகியகாலப் பாடநெறியை நம்பி ஏமாந்த இளைஞர்களுமே.

அவர்களை அப்படியே பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து அல்ல. தியாகம் நுணுக்குக்காட்டி பார்க்கும் தகுதியாகிவிடாது. பிழையான முடிவால் பாதிக்கப்படப்போவதும் நமது மக்களே. ஆனால் வழி இருக்கிறது. நியூயோர்க் 2006 இல் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, ஏற்கனவே ஆய்வுகூடங்களில் வேலை செய்துவந்தவர்களுக்கு அனுபவத்தைக் கணக்கில் எடுக்கும் விசேட வாசலையும் திறந்துவைத்தது. இங்கே அதைவிடக் கவனமாகச் செய்யலாம். தமிழில் எழுதக்கூடிய எழுத்துப் பரீட்சை, போதனா வைத்தியசாலை ஒன்றில் செய்முறைப் பரீட்சை, பதிவுபெற்ற ஒருவரின் மேற்பார்வையில் ஒரு குறித்த காலம். தேறாதவருக்கு இரத்தம் எடுத்தல், மாதிரிகளைப் பொறுப்பேற்றல் போன்ற உதவியாளர் தரத்தில் தெளிவான பதவி. இதை உருவாக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் போதனா வைத்தியசாலையிலும் போதிய அறிவு இருக்கிறது.

இப்போதே செய்யக்கூடியவை

புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் உண்டு. சுகாதாரம் மாகாணங்களுக்குப் பகிரப்பட்ட விடயம். தனியார் ஆய்வுகூடப் பதிவு மாகாணப் பணிப்பாளரின் மேசையைத் தாண்டியே போகிறது. வருடாந்தப் புதுப்பித்தலின்போது, ஆய்வுகூடம் திறந்திருக்கும் எல்லா நேரத்துக்கும் பதிவுபெற்றவர் இருக்கிறாரா என்று கடமை அட்டவணையைக் கேட்கலாம். அறிக்கையில் கையெழுத்தோடு பெயரும் மருத்துவ சபைப் பதிவிலக்கமும் அச்சிடப்பட வேண்டும் என்று வலியுறுத்தலாம். மாதிரி எடுத்த நேரமும் பரிசோதித்த நேரமும் அறிக்கையில் இருக்க வேண்டும். மாதிரி சேகரிக்கும் நிலையங்கள், உண்மையான பரிசோதனை எந்த ஊரில் நடக்கிறது என்பதைத் தமிழில் வாசலில் எழுதி ஒட்ட வேண்டும்.

காகிதம் மட்டும் போதாது என்பதையும் மறக்க முடியாது. 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் மருந்து அரச வைத்தியசாலைகளுக்குள் நுழைந்தது ஆவணங்களின் பெயரில்தான். அந்த விவகாரத்தில் 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானார். அறிவிக்காமல் போய்ப் பார்க்கும் பரிசோதனை இல்லாவிட்டால், பதிவிலக்கமும் இன்னொரு றப்பர் முத்திரையாகிவிடும்.

நோயாளியாகிய நாமும் ஒன்றைச் செய்யலாம். அடுத்த முறை ஆய்வுகூட யன்னலில் அறிக்கையை வாங்கும்போது, கோபமின்றி ஒரு கேள்வி கேட்கலாம்: “தம்பி, இதைப் பார்த்து ஒப்பமிட்டவர் யார்? அவருடைய பதிவிலக்கம் என்ன?” தகுதியுள்ளவர் அந்தக் கேள்வியால் நோகமாட்டார். தன் வேலையை ஒருவர் கவனித்தார் என்று மகிழ்வார். பதில் கிடைக்காவிட்டால், அந்தக் கடதாசியை நம்பி மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ முன்னர் வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள். இரண்டாவது முறை பரிசோதிப்பதற்கு அது போதுமான காரணம்.